டீன் குப்பைத்தொட்டியில் போட்ட தாயத்து

பேய் பிசாசுகளை வேட்டையாடும் டீன், சாம் என்ற அண்ணன் தம்பியின் கதையான சூப்பர்நேச்சுரல் என்ற அமெரிக்க டிவி தொடரை முழுதாக இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை நான் சாம் பக்கம், இரண்டாம் முறை டீன் பக்கம். கட்சி மாறிய இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: ஐந்தாவது சீசன், 16ஆவது எபிசோட், கடைசி ஒரு நிமிடம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி எபிசோட் வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். எனக்கு ஒரு அண்ணன், நாலு வயது மூத்தவன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியூரில் படிக்கப் போனவன் நான். அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டான். முதல் வருடம் ஒரு நாள் சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் விடுதி வாசலில் வந்து நின்றான். "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றான். பத்து நிமிடம் பேசியிருப்போம். எனக்கு மறுநாள் பரீட்சை. அவன் கிளம்பிப் போனான், நானும் அதை மறந்துபோனேன்.

அந்த விடுதியில்தான் அறைத்தோழன் ஒருவன் இந்தத் தொடரைப் போட்டுக் காட்டினான். முதல் எபிசோடிலேயே மாட்டிக்கொண்டேன். ஸ்டான்ஃபோர்டில் படிக்கும் சாமின் வீட்டுக்குள் ராத்திரியில் ஒருவன் புகுந்துவிடுகிறான். இருட்டில் இருவரும் கட்டிப் புரள்கிறார்கள். பார்த்தால் அண்ணன் டீன். வேட்டைக்குப் போன அப்பா சில நாளாகத் திரும்பி வரவில்லை, தேட வா என்று கூப்பிட வந்திருக்கிறான். சாமோ அப்பாவோடு முறித்துக்கொண்டு படிக்க வந்தவன். பேய், பிசாசு, வேட்டை எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கியவன். எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றே சாம் என் ஆள் ஆகிவிட்டான்.

அவன் கண்ணால்தான் டீனையும் பார்த்தேன். அப்பா சொல்லைத் தட்டாதவன், சொந்தமாக ஒரு ஆசையும் இல்லாதவன், தம்பியை விடாமல் பிடித்து இழுப்பவன். இரண்டாவது சீசன் முடிவில், செத்துப்போன சாமைத் திருப்பிக் கொண்டுவர, ஒரு வருட ஆயுள் போதும் என்று தன் ஆன்மாவையே பேரம் பேசிக் கொடுக்கிறான் டீன். என்னோடு பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் கேட்டது உன்னிடம்? இந்தக் கடனைத் தலையில் சுமந்துகொண்டு அந்தத் தம்பி எப்படி வாழ்வான்? அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அப்பா ஜான் சாவதற்கு முன் டீன் காதில் சொன்னதை அப்போது நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. சாமைக் காப்பாற்று, முடியாவிட்டால் நீயே கொன்றுவிடு என்று சொல்லிவிட்டுப் போகிறார். பெற்ற மகனிடம் சொல்லும் பேச்சா அது? அதைப் பல எபிசோடுகள் வரை யாரிடமும் சொல்லாமல் டீன் தனியாகச் சுமக்கிறான்.

சரி, தாயத்துக்கு வருகிறேன். டீன் கழுத்தில் தொங்குமே, கொம்பு வைத்த சின்ன முகம், அதுதான். சாம் கொடுத்த அமுலெட் (தாயத்து) என்பதால் ரசிகர்கள் 'சாமுலெட்' என்பார்கள். அது எப்படி வந்தது என்பது மூன்றாவது சீசனின் கிறிஸ்துமஸ் எபிசோடில் தெரியும். 1991, நெப்ராஸ்காவில் ஒரு மோட்டல் அறை. சாமுக்கு எட்டு வயது, டீனுக்குப் பன்னிரண்டு. கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்ன அப்பா வரவில்லை. டீன் எங்கோ பக்கத்து வீட்டிலிருந்து பரிசுப் பொட்டலங்களைத் திருடிக்கொண்டு வந்து, "நீ தூங்கும்போது அப்பா வந்து வைத்துவிட்டுப் போனார்" என்று பொய் சொல்கிறான். பிரித்துப் பார்த்தால் எல்லாம் பெண் குழந்தைக்கு வாங்கிய பொம்மைகள். சாமுக்குப் புரிந்துவிடுகிறது. அப்பாவுக்கென்று, குடும்ப நண்பரான வேட்டைக்காரர் பாபி சிங்கரிடமிருந்து வாங்கி வைத்திருந்த அந்தத் தாயத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டுகிறான். டீன் உடனே கழுத்தில் போட்டுக்கொள்கிறான். அப்பாவுக்குப் போயிருக்க வேண்டியது, அப்பாவாக இருந்தவனுக்குப் போனது. டீன் நரகத்தில் கிடந்த மாதங்களில் சாம் அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்து, அவன் திரும்பி வந்ததும் கொடுத்துவிடுவான். அதை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை.

இப்போது அந்த 16ஆவது எபிசோட். இருவரையும் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். சொர்க்கம் போகிறார்கள். அங்கே சொர்க்கம் என்பது அவரவர் வாழ்க்கையில் மிக இனிமையான நினைவுகள். டீனுக்கு வருவது 1996 ஜூலை 4, ஒரு வயல்வெளியில் தம்பியோடு பட்டாசு கொளுத்திய ராத்திரி. அப்புறம் அம்மா. சாமுக்கு வருவது வேறொரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசை. அடுத்தது ஃப்ளாக்ஸ்டாஃபில் வீட்டைவிட்டு ஓடிப்போய் ஒரு நாயோடு கழித்த இரண்டு வாரம். டீனுக்கோ அது தம்பி செத்தே போய்விட்டான் என்று நினைத்துத் தேடி அலைந்த நாட்கள். மூன்றாவது, ஸ்டான்ஃபோர்டுக்குக் கிளம்பிய ராத்திரி. என் வாழ்க்கையின் மிக மோசமான ராத்திரிகளில் ஒன்றாயிற்றே அது என்கிறான் டீன். சாம் ஏதோ சொல்லித் தேற்றப் பார்க்கிறான். வார்த்தை வரவில்லை.

கடவுள் பக்கத்தில் இருந்தால் அந்தத் தாயத்து சுடும் என்பதால், அவரைத் தேட, இவர்களின் நண்பனான தேவதூதன் காஸ்டியல் அதை வாங்கிப் போயிருந்தான். இருவரும் உயிரோடு திரும்பி வந்து, கடவுள் இனி உதவ மாட்டார் என்று சொன்னதும், இதனால் பயனில்லை என்று திருப்பிக் கொடுக்கிறான். டீன் அறையைவிட்டு வெளியே போகும்போது அதைக் குப்பைத்தொட்டிக்கு மேலே ஒரு நொடி பிடித்துவிட்டு, போட்டுவிடுகிறான். சாம் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

முதல் முறை பார்த்தபோது டீனைத் திட்டித் தீர்த்தேன். கடவுள் கைவிட்டால் தம்பி என்ன செய்வான்? அவன் கொடுத்ததை ஏன் எறிய வேண்டும்? சில வருடம் கழித்து, வேலைக்குப் போன பிறகு, மறுபடி பார்த்தேன். இந்த முறை டீனின் முகத்தை மட்டும் பார்த்தேன். தம்பியின் சொர்க்கம் முழுக்கத் தேடியும் தான் ஒரு மூலையில்கூட இல்லை என்று தெரிந்துகொண்டவனின் முகம் அது. தன் சொர்க்கத்தில் தம்பியைத் தவிர வேறு அதிகம் இல்லாதவன். டீனாக நடித்த ஜென்சன் ஆக்லெஸ் அந்தக் காட்சியில் வசனமே பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் சொர்க்கத்திலும் அந்தக் கல்லூரிக்குக் கிளம்பிய நாள்தான் முதலில் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணனுக்கு அது எந்த மாதிரி நாள்?

அந்தத் தாயத்துக்காக ரசிகர்கள் வருடக்கணக்கில் ஏங்கினார்கள். 2014இல் வந்த 200ஆவது எபிசோடில் ஒரு பள்ளி மாணவி நாடகத்துக்குச் செய்த நகலை டீனிடம் கொடுப்பாள். அவன் அதைக் காரின் கண்ணாடியில் தொங்கவிடுவான். அதுவே போதும் என்று தோன்றியது. பிறகு 2016இல், பதினோராவது சீசனில், அசல் தாயத்தே சாமின் பாக்கெட்டுக்குள்ளிருந்து ஒளிவிடுகிறது. அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டிருக்கிறான்! ஆறு வருடமாக அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாம் மேல் எனக்கிருந்த வருத்தம் அங்கே தீர்ந்துவிட்டது. விட்டுவிட்டுப் போகிறவனும் எதையாவது பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் போகிறான்.

காஸ்டியலைப் பற்றி எழுதாமல் விட்டால் பலருக்குக் கோபம் வரும். 15ஆவது சீசனில் டீனைக் காப்பாற்றத் தன் காதலைச் சொல்லிவிட்டு அவன் மறைந்துபோகும் காட்சியில் நானும் அழுதேன். அதற்கு டீன் பதில் சொல்ல ஒரு வாய்ப்பையாவது கொடுத்திருக்க வேண்டும், அந்தக் குறை எனக்கு இருக்கிறது. பாபியின் சாவு இன்னொரு நாள் எழுத வேண்டிய விஷயம். நினைவுகள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியாக மிஞ்சுவது இரண்டு பையன்களும் சோபாவில் உட்கார்ந்து தின்பண்டத்துக்குச் சண்டை போடுவது. அதைவிட அழகாக ஒரு வளர்ப்புத் தகப்பனை யாரும் வழியனுப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

2020 நவம்பரில் வந்த கடைசி எபிசோட் நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. 327 எபிசோட் ஓடிய கதையில், உலகத்தையே காப்பாற்றிய டீன், ஒரு பழைய கொட்டகையில் சாதாரண ரத்தக்காட்டேரிச் சண்டையில் இரும்புக் கம்பி குத்திச் சாவதா என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கம்பி ஒரு பொருட்டே இல்லை. சாகும் நேரத்தில் டீன் தம்பியிடம் ஒன்று சொல்வான். அன்றைக்கு ராத்திரி ஸ்டான்ஃபோர்டில் உன்னைக் கூப்பிட வந்தேனே, உள்ளே வருவதற்கு முன் மணிக்கணக்கில் வெளியே நின்றேன், நீ என்ன சொல்வாயோ என்று பயமாக இருந்தது என்பான். பதினைந்து வருடம் அந்த முதல் காட்சியை நான் சாமின் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்திருக்கிறேன். வெளியே ஒருவன் இருட்டில் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அந்தக் காட்சியை அங்கேயே நிறுத்திவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். ராத்திரி பதினொன்று தாண்டியிருந்தது. என்னமோ ஏதோ என்று பதறி எடுத்தான்.

"ஹாஸ்டலுக்கு ஒரு தடவை வந்தியே, அன்னிக்கு எப்பண்ணே வந்தே?"

"எதுக்குடா இப்ப?"

"சொல்லு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மத்தியானமே வந்துட்டேன். உனக்குப் பரீட்சைன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அதான் வெளியவே நின்னுட்டு இருந்தேன்."