ஆள்சேர்க்கும் கலையும் ஒரு நீதிமன்றக் காட்சியும்

ஜார்ஜ் ஃபார்க்கரின் 'தி ரெக்ரூட்டிங் ஆபீசர்' நாடகத்தை நண்பர்களோடு பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு உரக்க வாசித்தபோது, அதன் நகைச்சுவை படைக்கு ஆள்சேர்க்கும் நடைமுறையிலிருந்தே பிறக்கிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் அந்தப் பணியைத் தாமே செய்தவர் ஃபார்க்கர். 1706-ல் லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் நாடகம் மேடையேறியது.

எனக்குக் கிடைத்தது சார்ஜென்ட் கைட் வேடம். அரசியின் உருவப்படம் என்று சொல்லி இரண்டு கிராமத்து இளைஞர்களின் கையில் பொற்காசைத் திணித்துவிட்டு, அதை வாங்கியதாலேயே அவர்கள் படைவீரர்களாகிவிட்டார்கள் என்று கைட் வாதிடுகிறான். அப்போது உள்ளே வரும் அவனுடைய மேலதிகாரி கேப்டன் ப்ளூம், அநியாயம் என்று கைட்டை அடித்து விரட்டிவிட்டு, கனிவான பேச்சாலேயே அந்த இருவரையும் படையில் சேர்த்துவிடுகிறான். மிரட்டலும் பரிவும் ஒரே வலையின் இரு பக்கங்கள் என்பதை எந்த விளக்கமும் தராமல் செயலாலேயே காட்டும் இந்தக் காட்சியமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதைவிடக் கூர்மையானது ஐந்தாம் அங்கத்தின் நீதிமன்றம். கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழி இல்லாதவர்களைக் கட்டாயமாகப் படைக்கு அனுப்ப அன்றைய சட்டம் இடம் தந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவன் நிறுத்தப்பட்டதும், இவன் பூமிக்கடியில் வேலை செய்வதால் இவனுடைய பிழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்கிறான் கைட். அந்த வரியை நான் வாசித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சட்டத்தின் சொற்களே ஏழைக்கு எதிராகத் திரும்பும் கொடுமையைப் பற்றி அதன்பின் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதே மன்றத்தில், ஆண்வேடத்தில் நிற்பவள் தன் மகள் சில்வியா என்பதை அறியாமல் நீதிபதி பேலன்ஸ் அவளையும் படைக்கு ஒப்படைப்பதால், பார்வையாளருக்குத் தெரிந்த உண்மை தீர்ப்பளிப்பவருக்குத் தெரியாத நாடக முரண் உருவாகி, அவருடைய அதிகாரமே கேள்விக்குள்ளாகிறது.

1789 ஜூன் 4 அன்று, மன்னரின் பிறந்தநாளில், சிட்னியில் இந்த நாடகத்தை நடித்தவர்கள் நாடுகடத்தப்பட்ட கைதிகள். நீதிமன்றங்களால் அங்கே அனுப்பப்பட்டவர்களின் வாயில் அந்தக் காட்சியின் சொற்கள் எவ்வளவு கனத்திருக்கும் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

முடிவை மட்டும் என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. சில்வியாவை மணக்கும் ப்ளூம், தான் சேர்த்த ஆட்களை மற்றோர் ஆள்சேர்ப்பு அதிகாரியான கேப்டன் பிரேசனிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறான். பொற்காசு வாங்கிய அந்த இளைஞர்களுக்கு அப்படி விலகிக்கொள்ளும் வழி எதையும் நாடகம் தரவில்லை.