செம்மண் தறையில் போட்ட எரு எங்கே போகிறது?

உரும்பிராய்த் தோட்டக்காரன்
எட்டுப் பரப்புத் தறை. வருடாவருடம் வெங்காயத்துக்கு முன் மாட்டெரு இரண்டு லோட் பறிக்கிறேன். அடுத்த போகத்துக்குக் கொத்தினால் எருவின் சுவடே இல்லை. மண் பரிசோதனைத் தாளிலும் சேதனக் காபன், அதாவது எரு, இலைதழை உக்கி மண்ணில் சேர்கிற காபன், குறைவு என்றே வருகிறது.

உயர்தரம் படிக்கிற மகள், புண் கழுவ வைத்திருந்த ஐதரசன் பேரொட்சைட்டை இரண்டு சிரட்டை மண்ணில் ஒவ்வொரு மூடி விட்டுப் பார்த்தாள். வேலிப் பூவரசுக்குக் கீழே அள்ளிய மண் நுரைத்துச் சிரட்டை விளிம்புக்கே வந்துவிட்டது. தறை மண் நாலு குமிழோடு அடங்கிவிட்டது. “ஒட்சியேற்றம் அப்பா” என்கிறாள். எருவும் இப்படித்தான் எரிந்து போகிறதா? எங்கள் பக்கக் கிணறுகளில் நைத்திரேற்று கூட என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடுப்பு உண்டா?

ஆய்வுகூடத்து அக்கா
தம்பி, மகள் சொன்னது பாதி சரி. நுரை காபனின் அளவு இல்லை. மண்ணிலுள்ள மங்கனீசு ஒட்சைட்டும் நுண்ணுயிரின் நொதியமும் பேரொட்சைட்டை உடைக்க ஒட்சிசன் கிளம்புகிறது. வெட்டின பச்சை உருளைக்கிழங்கில் விட்டாலும் நுரைக்கும், பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தாளில் உள்ள எண்ணும் அநேகமாக ஒட்சியேற்றத்தால், அதாவது காபனை ஒட்சிசனோடு சேர்த்து எரிப்பது போன்ற வேலையால், வந்ததுதான். நான் இருந்த ஆய்வுகூடத்தில் 1934இல் வந்த வோக்லி-பிளாக் முறையில்தான் பார்ப்போம். மண்ணில் காபனை ஒட்சியேற்றுகிற இருகுரோமேற்று உப்புக் கரைசலும் செறிந்த சல்பூரிக்கமிலமும் விட்டால் குடுவை கைபொறுக்காத சூடாகும். காபன் கூடிய மண் என்றால் செம்மஞ்சள் கரைசல் பச்சைக்குத் திரும்பும். அதிலும் முழுக் காபனும் பிடிபடாது. அதனால் விடையை 1.3 ஆல் பெருக்குவோம். அடுப்புக்கரி போட்ட மண்ணில் கணக்கு இன்னும் பிழைக்கும்.

தறையில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நுண்ணுயிர்தான். எருவைத் தின்று மூச்சு விடும், காபன் காற்றோடு போய்விடும். எங்கள் வெக்கைக்கும் ஓயாத இறைப்புக்கும் அதற்கு வருடம் முழுக்கப் பந்தி. மண்கட்டிக்குள் ஒளிந்திருக்கிற காபனுக்கு அவ்வளவு சேதம் இல்லை. செம்மண்ணின் இரும்பு ஒட்சைட்டும் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். ரொட்டவேற்றர் அந்தக் கட்டியை மாவாக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடும். எத்தனை சால் அடிக்கிறீர்கள்?

கிணற்றுக் கதைக்கு வருகிறேன். எரு உக்கினாலும் யூரியா கரைந்தாலும் அமோனியம்தான் வரும். யூரியாவில் 46 வீதம் நைதரசன். அமோனியத்தைக் களி பிடித்து வைக்கும். ஆனால் பக்ரீரியா அதை நைத்திரைற்றாக்கி நைத்திரேற்றாக்கினால் பிடி விட்டுப்போகும், களியைப் போலவே அதற்கும் மறை மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். இறைத்த தண்ணீரோடு கீழே இறங்கும். கீழே இருப்பதோ ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது. கிணற்றுத் தண்ணீரை ஒருக்கால் சோதித்துப் பாருங்கள், சின்னப் பிள்ளைகள் குடிப்பதென்றால் கட்டாயம். மலகூடக் குழியும் கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் எல்லாப் பழியையும் யூரியா மேல் போட முடியாது.

சண்டிலிப்பாய் வயல்
எங்கள் பக்கம் கதை மறுவளம். மாரி வெள்ளம் நின்றால் வயல் மண்ணுக்குள் காற்றுப் போகாது, உக்கலும் மெதுவாகும். செம்மண் கலந்த இடம் சாம்பல் நிறமாகும், இரும்பு பிடித்து வைத்த பொஸ்பேற்றும் கொஞ்சம் அவிழும். நைத்திரேற்று மட்டும் வாயுவாகிப் பறந்துவிடும். காற்றில்லாத சேற்றுக்குள் அமோனியம் நைத்திரேற்றாகாமல் நிற்கும், அதனால் யூரியாவைச் சேற்றுக்குள் போகிற மாதிரிப் போடுவோம்.

ஆய்வுகூடத்து அக்கா
சரியான பேச்சு, ஐயா. தோட்டக்காரத் தம்பிக்கு ஒன்று. பழைய ஆட்கள் தறையில் பனையோலை தாழ்த்தினது சும்மா இல்லை. ஓலையில் மரத்தை வைரமாக்குகிற இலிக்னின் என்ற பொருள் கூட, நுண்ணுயிருக்குப் பல்லுக்கட்டும் தீன். மாட்டெருவைப் போல ஒரு போகத்தில் கரையாது. தாழ்த்தின புதிதில் அது மண்ணின் நைதரசனை இழுக்கும், பயிர் வெளிறினால் பயப்பட வேண்டாம். யூரியாவை மூன்று நாலு தரமாகப் பிரித்துப் போடுங்கள்.

உரும்பிராய்த் தோட்டக்காரன்
நன்றி அக்கா. ஐந்து சால் அடிக்கிறனான், கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. இந்தமுறை இரண்டே சால் என்று மெசின்காரப் பெடியனுக்குச் சொன்னேன். “ஏன் அண்ணை, வெங்காயம் விலை போகேல்லையே?” என்று கேட்கிறான்.