கூட உட்கார்ந்து சாப்பிட்டவரே கைவிட்டபோது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். பெயின்ட், பைப், ஆணி விற்கிற சின்னக் கடை ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து போட்டோம். ஒரே சபை, ஒரே பாடகர் குழு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவருக்குப் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. அவசரத்துக்கு என்று நான் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த செக் புத்தகத்தில் நாலு தாள் காணவில்லை என்பதை ஒரு சனிக்கிழமை பார்த்தேன். அதற்கு முந்தின ஞாயிறுதான் அவர் மீன் குழம்புக்கு இன்னொரு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். பணம் போனதைவிட அந்தச் சாப்பாடுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சபைப் பெரியவர்கள் வந்தார்கள். "எல்லாம் தேவசித்தம் தம்பி, விட்டுருங்க" என்றார்கள். அன்போடு சொன்னார்கள்தான். ஆனால் அதைக் கேட்கக் கேட்க, எடுத்தது அவரா ஆண்டவரா என்றே எனக்குக் குழம்பிப்போனது. ஒரு வருஷம் நற்கருணை (ஆராதனையில் இயேசுவின் நினைவாகப் பகிரும் அப்பமும் ரசமும்) எடுக்காமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த பெரிய வியாழன் இரவு லூக்கா 22 வாசித்தார்கள். காட்டிக்கொடுக்கிறவனுடைய கை தம்முடனேகூடப் பந்தியில் இருக்கிறது என்று இயேசு சொல்கிறார். அடுத்த வசனம்: "தீர்மானிக்கப்பட்டபடியே மனுஷகுமாரன் போகிறார், ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ." எத்தனையோ தடவை கேட்ட வசனம். அன்றைக்கு அந்த 'ஆனாலும்' என்னைப் பிடித்து நிறுத்தியது. தேவனுடைய தீர்மானமும் உண்மை, அவரைக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாசின் குற்றமும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்கவில்லை.

ஆராதனை முடிந்து எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் இதைச் சொன்னேன். அவர் கிரேக்கம் படித்தவர். யூதாஸ் 30 வெள்ளிக்காசு பேசும்போது நம் வேதாகமம் 'காட்டிக்கொடுக்கிறேன்' என்கிறது. ரோமர் 8:32-ல் பிதா தம்முடைய குமாரனை 'ஒப்புக்கொடுத்தவர்'. கலாத்தியர் 2:20-ல் குமாரன் தம்மைத்தாமே 'ஒப்புக்கொடுத்த'வர். தமிழில் இரண்டு சொல், கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் ஒரே வினைச்சொல் என்று காட்டினார். "செயல் ஒண்ணுதான். யூதாஸ் பணத்துக்காகச் செஞ்சான், பிதா நம்ம மேல வச்ச அன்புக்காகச் செஞ்சாரு. யூதாஸ் கணக்கைப் பிதா மேல எழுதாதீங்க" என்றார். அந்த ஈஸ்டருக்கு நற்கருணை எடுத்தேன். வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

* * *

சகோதரரே, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை. என் விஷயத்தில் கூடப் பிறந்த தம்பி. அப்பா இறந்த நாற்பதாம் நாள் 'பேங்க் பேப்பர்' என்று சொல்லி சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினான். மறு வாரமே சொந்தக்காரர்கள் எனக்கு, சொந்த அண்ணன்களே அடிமையாக விற்றுப்போட்ட யோசேப்பைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று நீயும் சொல்லேன் அக்கா என்கிறார்கள்.

ஒரு நாள் யோசேப்பின் கதை வருகிற ஆதியாகமத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டபோது யோசேப்புக்கு 17 வயது. எகிப்து ராஜா பார்வோன் முன் நின்றபோது 30. ஏழு வருஷம் விளைச்சல், இரண்டு வருஷம் பஞ்சம், அப்புறம்தான் அண்ணன்களிடம் தன்னைத் தெரியப்படுத்துகிறார். யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து இறந்த பிறகுதான் இந்த வசனம் வருகிறது. ஏறக்குறைய 39 வருஷம்! அப்போதும் அவர் அழுதுவிட்டுத்தான் அதைச் சொல்கிறார். 'தீமை' என்ற சொல்லை விட்டுவிடவும் இல்லை. எனக்கு இப்போதுதான் நாலாவது வருஷம். தேவன் நன்மையாக முடிப்பார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் அதை நானே சொல்லும் நாள் வரும்வரை யாரும் என் வாயில் திணிக்க வேண்டாம்.

* * *

அக்கா, நான் அந்தப் பக்கம் நின்றவன். பதவி உயர்வுக்காகக் கூட வேலை செய்த அண்ணனைப் பற்றி மேலிடத்தில் பொய்யாக எழுதிக் கொடுத்தேன். அவர் வேலை போனது. பிறகு அவருக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டபோது, தேவன் நன்மையாக முடித்துவிட்டார் என்று பெருமூச்சு விட்டேன். அதையே சாக்காக வைத்து மூன்று வருஷம் ஓட்டினேன்.

யூதாஸ் காசைத் திருப்பிக் கொண்டுபோன இடத்தை வாசித்தபோது அது உடைந்தது. "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்கிறார்கள் ஆசாரியர்கள். அவன் போகவேண்டியது அவர்களிடமா? யோசேப்பின் கதையிலும் அந்த வசனத்தைச் சொல்வது விற்கப்பட்டவர். விற்றவர்கள் மன்னிக்கும்படி கேட்டு அவர் முன் தாழ விழுகிறார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் பஸ் ஏறி அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். 'உங்களுக்கு நல்லதாத்தானே முடிஞ்சுது' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "அந்த லெட்டரை எழுதினது நான்தான்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் வாசல்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை. அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.