டேப்லெட் பாடம் வந்தபின் மகன் கதைப் புத்தகம் எடுப்பதில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. 2024 ஜூனில் அவன் பள்ளியில் டேப்லெட் வழிப் பாடம் தொடங்கினார்கள். வீடியோ பார்த்து, சரியான விடையைத் தொட்டால் நட்சத்திரம் விழும். மதிப்பெண் குறையவில்லை, கணக்கில் கூடத்தான் செய்திருக்கிறது. வாசிப்புதான் போய்விட்டது.

முன்பெல்லாம் சிறுவர் இதழை வந்த அன்றே முடித்துவிடுவான். இப்போது நாலு பக்கக் கதை கொடுத்தால் இரண்டாவது பத்தியிலேயே கண் கடைசிப் பக்கத்துக்குப் போகிறது. போன வாரம், "இதுல கேள்வி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

டேப்லெட்டை வாங்கி வைக்க முடியாது, வீட்டுப்பாடம் அதில்தான். கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு நாலு ஞாயிறு கூட்டிப்போனேன். இருபது நிமிடத்தில் கிளம்பலாம் என்கிறான். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அதையும் காட்டினேன். பக்கங்களை விரலால் தள்ளிக்கொண்டே போய் முடித்துவிட்டான். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்ததும் தப்பு, அவன் பக்கத்தைத்தான் எண்ணினான்.

இரவில் நான் வாசித்துக் காட்டினால் மட்டும் அசையாமல் கேட்கிறான். பாதியில் நிறுத்தினால் மீதியைத் தானாக எடுப்பதில்லை, மறுநாள் இரவுவரை காத்திருக்கிறான்.

இந்த வயதுப் பிள்ளையை, கேட்பதிலிருந்து தானாக வாசிப்பதற்கு நகர்த்தியவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று சொல்வீர்களா?