எஸ்கேப் பீட்: ஈசிஜி தாளில் நான் சந்தித்த எஸ்கேப்

'எஸ்கேப்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று இங்கே பேச்சு ஓடுகிறது. கீபோர்டின் இடது மூலையில் இருக்கும் எஸ்கேப் பட்டனைப் பற்றி நண்பர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த எஸ்கேப்பை 1960-ல் கொண்டுவந்தவர் ஐபிஎம்மில் இருந்த பாப் பீமர். அப்போது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் குறியீட்டு முறை வேறு. 'இனி வருவதை வழக்கம்போல் படிக்காதே, வேறு முறைக்கு மாறிக்கொள்' என்று மெஷினுக்குச் சொல்லத்தான் அது வந்தது.

செவ்வாய்க்குப் போன மங்கள்யான், பூமியை விட்டு வெளியேறத் தேவையான எஸ்கேப் வேகத்தை எப்படி எட்டியது என்று கேட்டவருக்கு: அந்த வினாடிக்கு 11.2 கி.மீ. என்பது தரையிலிருந்து ஒரே வீச்சில் எறிந்தால் தேவைப்படும் வேகம், அதுவும் காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காமல். உயரம் கூடக் கூட அது குறையும். மங்கள்யானை 2013 நவம்பர் 5-ல் ஏவி, பூமியைச் சுற்றவிட்டுப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, டிசம்பர் 1 அதிகாலையில் இன்ஜினைச் சுமார் 22 நிமிடம் இயக்கித்தான் வெளியே அனுப்பினார்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். நான் இதயப் பிரிவில் நர்ஸ். மயக்கம் போட்டு விழுந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள், நாடி பிடித்தால் நிமிடத்துக்கு 35தான். மெஷின் துப்பிய தாளை எட்டிப் பார்த்த அவர் மகள், "சிஸ்டர், எஸ்கேப்னு போட்டிருக்கே, அப்பா தப்பிச்சிட்டாரா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இதயத்துக்குத் தாளம் போடுவது அதன் மேல் பகுதியில் இருக்கும் சைனஸ் நோட் என்ற சின்ன இடம், ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. அது நின்றாலோ அங்கிருந்து வரும் மின்துடிப்பு நடுவழியில் தடைப்பட்டாலோ, கீழே இருக்கும் இடங்கள் தாமாகவே துடிப்பை எழுப்பும். மேல் அறைகளும் கீழ் அறைகளும் சேரும் ஜங்ஷன் என்றால் நிமிடத்துக்கு 40 முதல் 60, இன்னும் கீழே வென்ட்ரிக்கிள் என்ற கீழ் அறை என்றால் 20 முதல் 40. இப்படி வருவதுதான் எஸ்கேப் பீட். அந்தப் பெரியவருக்கு முழு ஹார்ட் பிளாக், அதாவது மேலிருந்து வரும் மின்துடிப்பு எதுவுமே கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை. தாளில் மேல் அறையின் துடிப்பைக் காட்டும் பி அலைகள் தம் பாட்டுக்கு வரிசையாகப் போகின்றன, கீழ் அறையின் துடிப்பைக் காட்டும் க்யூஆர்எஸ் அதோடு ஒட்டாமல் எட்டு ஒன்பது பெரிய கட்டத்துக்கு ஒன்று என்று அகலமாக வருகிறது. ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி, அப்படியென்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறக்குறைய 1.7 வினாடி.

புதிதாக டியூட்டிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அகலமான க்யூஆர்எஸ்ஸைப் பார்த்ததும் எக்டோபிக், அதாவது வேறு இடத்திலிருந்து தேவையில்லாமல் வரும் துடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள், எப்போது வருகிறது என்று பாருங்கள். எக்டோபிக் முந்திக்கொண்டு வரும், எஸ்கேப் பீட் இடைவெளி விட்டுத் தாமதமாக வரும். எக்டோபிக் என்று நினைத்து, அதை அடக்கும் லிடோகெயின் மருந்தைக் கொடுத்து அதை அடக்கினால், கைவசம் இருக்கும் ஒரே துடிப்பும் நின்றுபோகலாம். நோய் என்பது மேலே இருக்கும் தடைதான். எஸ்கேப் பீட் ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதை நம்பி நாள் கடத்தவும் முடியாது, வென்ட்ரிக்கிளில் இருந்து வருவது எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும்.

மகளிடம் இதையே எளிமையாகச் சொன்னேன்: இப்போது ஓடுவது மாற்று ஏற்பாடு, பேஸ்மேக்கர் வைக்கும்வரை அதை நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டர் கழுத்து ரத்தக்குழாய் வழியாக டெம்பரரி பேஸிங் (வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுக்கும் தற்காலிக ஏற்பாடு) போட்டார், பிறகு நிரந்தர பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடையில் அவர் சாப்பிட்டுவந்த மாத்திரைகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம், ஏனென்றால் பிபிக்குத் தரும் சில மாத்திரைகளே இதயத் துடிப்பைக் குறைத்துவிடும்.

வீட்டில் வயதானவர்களுக்கு மயக்கமும் நாடி 40-க்குக் கீழும் சேர்ந்து வந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள், பேஸிங் வசதி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள். மாத்திரைச் சீட்டையும் பழைய ஈசிஜி இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம், தோட்டத்தில் அழகுக்கு வைத்த செடி காட்டுக்குள் பரவினால் தாவரவியல்காரர்களும் எஸ்கேப் என்றுதான் சொல்வார்கள், நம் உண்ணிச்செடி அப்படிப் போனதுதான். முதுமலைப் பக்கம் அதை வெட்டி அகற்றும் வேலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.