சீட் ஃப்ரேஸ்: ‘விதைச் சொற்றொடர்’ வேண்டாம், ‘தாய்ச்சாவி’ என்போமா?

அனைவருக்கும் வணக்கம். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களுக்கான வாலட் செயலி, கணக்குத் தொடங்கும்போது காட்டும் சொல்வரிசைக்கு ஆங்கிலத்தில் சீட் ஃப்ரேஸ் (seed phrase) என்று பெயர். அதற்குத் தமிழில் ‘விதைச் சொற்றொடர்’ வேண்டாம் என்ற என் கருத்துக்கு ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘விதைச் சொற்றொடர்’ நேரடியாக இருக்கிறது, புரிகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

நமக்குப் புரிகிறது ஐயா. திரையில் அதைப் பார்க்கப்போகிறவருக்குப் புரியுமா என்பதுதான் என் கவலை. போன வாரம் சித்தியின் கைபேசியில் ஒரு வாலட் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு சொற்கள் வந்தன. மேலே ‘உங்கள் விதைச் சொற்றொடரைச் சேமிக்கவும்’ என்று ஒரு வரி. சித்தி சட்டென்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, “சேமிச்சாச்சு, அடுத்து?” என்றார். அவர்மேல் தப்பே இல்லை. சேமிக்கச் சொன்னார்கள், சேமித்தார். “சித்தி, இது சாவி. யார் கையில கிடைச்சாலும் மொத்தப் பணமும் அவங்களுக்குத்தான்” என்றதும் முகமே மாறிவிட்டது. அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கி, சொற்களை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக விரல்வைத்துச் சரிபார்த்தார். ‘விதை’ செய்யாததைச் ‘சாவி’ செய்தது.

‘சொற்றொடர்’ என்பதும் பொருந்தவில்லை. இந்தச் சொற்களை உருவாக்க 2013இல் வந்த பிப்-39 (BIP-39) என்ற பொது முறைப்படி, 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றுக்குள் பொருள்தொடர்பு கிடையாது. வரிசை மாறாமல் இருப்பதுதான் முக்கியம். (அந்த முறையின் பட்டியல்களில் ஜப்பானியம், கொரியம், செக் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. அது தனி இழைக்கான வேலை.)

‘மீட்புச் சொற்கள்’ இதைவிட மேல். ஆனால் அதைப் படிப்பவர், கடவுச்சொல் மறந்தால் மட்டும் தேவைப்படுவது என்று நினைத்துவிடுவார். “கணக்கை மீட்டுத் தருகிறோம், மீட்புச் சொற்களை அனுப்புங்கள்” என்று ஏமாற்றுபவர்களுக்கும் அது வசதியாகிவிடும்.

என் பரிந்துரை: தாய்ச்சாவிச் சொற்கள். ஒரே மூலத்திலிருந்து எல்லாக் கணக்குகளின் சாவிகளும் பிறக்கின்றன. அவற்றைச் சேய்ச்சாவிகள் எனலாம். தாய்ப்பலகை (மதர்போர்டு) நமக்கு முன்பே பழகிய சொல்தானே. சொற்களிலிருந்து விதை, விதையிலிருந்து முதன்மைச் சாவி என்று இடையில் படிகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. நிரலர்களுக்கான ஆவணத்தில் ‘விதை’ இருக்கட்டும். பயனர் திரைக்கு அந்தப் படிகள் வேண்டாம்.

2023 மார்ச்சில் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் ஈஆர்சி-4337 (ERC-4337) என்ற புதிய கணக்குமுறை வந்தபின், இந்தச் சொற்களைக் கண்ணில் காட்டாமலே கணக்குத் தொடங்க வழி பிறந்திருக்கிறது. ஆனாலும் பல செயலிகளில் முதல் திரை இன்றும் இதுதான்.

பொத்தானுக்கு நீளம் என்றால் ‘தாய்ச்சொற்கள்’ எனச் சுருக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். எனக்கு மனம் வரவில்லை. ‘சாவி’ என்ற சொல் போனால் அதிலுள்ள எச்சரிக்கையும் போய்விடுகிறது. ‘தாய்ச்சாவி’ என்றே நிறுத்திக்கொள்ளலாம்.