பழைய ஃபைபர் படகை வீட்டிலேயே புதுப்பிப்பது: எங்கிருந்து தொடங்குவது?

காவேரிப்பட்டினத்தான்:

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டினத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் மீன் வளர்ப்புக்காக வெட்டிய பெரிய குட்டை ஒன்று இருக்கிறது. தீவனம் இடவும் வலை இழுக்கவும் இதுவரை பரிசலைத்தான் பயன்படுத்தி வந்தோம். அண்மையில், மூடப்பட்டுவிட்ட ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து பன்னிரண்டடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு மலிவாகக் கிடைத்தது. பல ஆண்டுகள் மாமரத்தடியில் மல்லாந்து கிடந்ததால், மழைநீரும் சருகும் சேர்ந்து உட்புறம் கறுத்துப் போயிருக்கிறது. வெளிப்பூச்சைத் தேய்த்தால் கையில் வெள்ளை மாவு ஒட்டுகிறது. அடிப்புறத்தில் மிளகளவிலிருந்து ஐந்து ரூபாய் நாணய அளவு வரை கொப்புளங்கள் உள்ளன. நடுவில் கால் வைத்தால் தளம் லேசாக அமுங்குகிறது. எஞ்சின் மாட்டும் பின்பலகையின் போல்ட் துளையிலிருந்து செந்நிறமாக நீர் கசிகிறது.

கொப்புளங்களைச் சுரண்டிப் பட்டி வைத்து, மேலே ஒரு சுற்று மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டிப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் கார் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர். சித்திரை வெயிலில் செய்தால், இழைகளை ஒட்டும் பிசினான ரெசின் விரைவில் இறுகிவிடும் என்பதும் அவர் யோசனைதான். இது சரியா? எபாக்சி வாங்க வேண்டுமா, பாலியெஸ்டர் ரெசினே போதுமா? எவ்வளவு தேவைப்படும்? பின்னாளில் சிறிய எஞ்சின் ஒன்று மாட்டும் எண்ணமும் உண்டு.

ஓசூர் எஃப்.ஆர்.பி.:

வணக்கம் ஐயா. ரெசின் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கொப்புளம், அமுங்கும் தளம், செந்நீர் ஆகிய மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: படகின் உடலுக்குள் நீர் தங்கியிருக்கிறது. அதை வெளியேற்றாமல் மேட் ஒட்டினால், சீழ் இருக்கும்போதே புண்ணைத் தைத்து மூடியதாகிவிடும்.

ஜெல்கோட் எனப்படும் வெளிப்பூச்சு பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் நீரை முற்றிலும் தடுப்பதில்லை. மிக மெதுவாக உட்புகும் நீர், சரியாக இறுகாத ரெசினில் எஞ்சியிருக்கும் பொருள்களைக் கரைத்துச் செறிவான கரைசலாகிறது. சவ்வூடுபரவலால் அது மேலும் நீரை இழுக்க, அழுத்தம் கூடிப் பூச்சு மேலெழும்புகிறது. உள்ளிருக்கும் கரைசலுக்கும் வெளிநீருக்கும் செறிவு வேறுபாடு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இழுப்பும் அதிகம் என்பதால், கடல்நீரைவிட ஏரி, குட்டை நீரில்தான் கொப்புளம் எளிதில் வருகிறது. உப்புக்காற்று படாத ஊர் என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ஒரு கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். புளித்த வாடையுடன் பிசுபிசுப்பான நீர் வெளிப்பட்டால் ஐயமே வேண்டாம்.

அடுத்து, சிறிய சுத்தியலின் பிடியால் அடிப்புறம் முழுவதையும் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்திலோ உள்ளே கட்டை இற்றுப்போன இடத்திலோ 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். அந்த எல்லைகளைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டால் வேலையின் உண்மையான பரப்பு தெரிந்துவிடும். கொப்புளங்களை நல்ல அடுக்கு தென்படும் வரை திறந்து, நன்னீரால் பல முறை பீய்ச்சிக் கழுவி, படகைக் கவிழ்த்துக் கட்டைகளின் மேல் ஏற்றிக் காற்றோட்டமான கொட்டகையில் வையுங்கள். உலர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட முடியாத கட்டம் இது.

உலர்ந்துவிட்டதா என்று அறிய, ஓரடிச் சதுரமான பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் அதன் உட்புறம் வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதைவிட நம்பகமான வசதி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மாங்காய் மண்டியில் தெரிந்தவர் இருந்தால், அங்குள்ள எடைமேடையில் படகை ஏற்றி எடையைக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் ரெசின் கடைக்குப் போக வேண்டும்.

பாலக்கோடு வாசகர்:

ஓசூர் நண்பர் சொல்வது சரிதான் என்றாலும், குட்டையில் தீவனம் இட எஞ்சின் எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை. துடுப்பு மட்டும் போதும் என்று முடிவு செய்தால் பின்பலகைக்கு அவ்வளவு பருமனும் வலிமையும் தேவைப்படாது. செலவும் கணிசமாகக் குறையும். மேலும், எஞ்சின் பொருத்திய படகைப் பின்னாளில் கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணை போன்ற பொது நீர்நிலைக்குக் கொண்டுசெல்ல நினைத்தால், நீர்வளத்துறையின் அனுமதியோடு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி பதிவைப் பற்றியும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

நாகமரைத் துறை:

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் எங்கள் கரையில் பரிசலும் ஃபைபர் படகும் இரண்டுமே உண்டு. பார்த்தவரையில் ஃபைபர் ஓடு தானாகக் கெடுவது அரிது; அதற்குள் மறைந்திருக்கும் கட்டைதான் கெடும். பின்பலகை என்று நாம் பார்ப்பது இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைத்த பிளைவுட். போல்ட் துளையின் ஓரத்தில் பூசிய அடைப்பு காய்ந்து வெடித்தாலே நீர் அதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். உட்பக்கமிருந்து கீழ்ப்பகுதியில் சிறிய துளை ஒன்று போட்டு, டிரில் பிட்டில் வரும் தூளைப் பாருங்கள். வெளிர்நிறத் தூள் உதிரியாக வந்தால் கட்டை பிழைத்தது. கறுத்த ஈரக்கூழ் வந்தால் மாற்றியே ஆக வேண்டும். துளை வழியாக ரெசினை ஊற்றி இற்ற கட்டையைக் கெட்டிப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். ஈரக்கட்டையில் ரெசின் ஊடுருவாது என்பதால் நான் அதை நம்புவதில்லை.

துடுப்புப் படகுக்கும் பின்பலகை முக்கியம் என்பதைப் பாலக்கோடு நண்பருக்குச் சொல்ல விரும்புகிறேன். இரு பக்கச் சுவர்களும் விரியாமல் பிடித்து வைப்பது அதுதான். பருமனைக் குறைக்கலாமே தவிர, இற்றதை விட்டுவைக்க முடியாது.

காவேரிப்பட்டினத்தான்:

அனைவருக்கும் நன்றி. துளை போட்டுப் பார்த்தேன். ஈரமான காப்பித்தூள் நிறத்தில்தான் வந்தது. தளத்தின் ஓரத்தை அறுத்துப் பார்த்ததில், உள்ளே நிரப்பியிருந்த மஞ்சள் ஃபோமைக் கையால் பிழிந்தால் நீர் வடிகிறது. எஞ்சின் யோசனையைக் கைவிடவில்லை, ஆனால் தள்ளிப்போட்டிருக்கிறேன். பின்பலகையை வெளிப்பக்கமாகப் பிரிப்பதா, உட்பக்கமாகவா? ரெசின் கேள்விக்கும் விடை வேண்டும்.

நாகமரைத் துறை:

உட்பக்கமாகவே பிரியுங்கள். வெளி ஓட்டின் வடிவமும் வழவழப்பும் அப்படியே இருக்கும். பின்னால் பூச்சு வேலையும் மிச்சம். ஓரங்களில் இரண்டு மூன்று அங்குலம் விட்டு, உள் அடுக்கை மட்டும் கிரைண்டரால் அறுத்தெடுத்து, இற்ற கட்டை முழுவதையும் உளியால் சுரண்டுங்கள். அட்டையில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகு பிளைவுட்டை அறுக்கலாம். 'வாட்டர்புரூஃப்' என்ற சொல்லை நம்பி வாங்காமல், பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் அது. எஞ்சின் எண்ணம் இருப்பதால் 12 மி.மீ. பலகை இரண்டை ஒன்றாக ஒட்டுவது நல்லது. வெட்டுமுனைகளில் ரெசினை இரண்டு முறை ஊற விடுங்கள். நீர் முதலில் குடிப்பது அங்கேதான். நீர் ஊறிய ஃபோமை உலர்த்த முயலாமல் எறிந்துவிடுங்கள்.

ஓசூர் எஃப்.ஆர்.பி.:

ரெசினைப் பொறுத்தவரை, இறுகிய பாலியெஸ்டரின் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே, எங்கே எபாக்சியைத் தொட்டீர்களோ அங்கே இறுதிவரை எபாக்சிதான். மேலும், சாதாரண மேட்டில் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணியைத்தான் வாங்க வேண்டும். என் கருத்தில், பின்பலகையை ஒட்டவும் அடிப்புறத்தின் கடைசிப் பூச்சுக்கும் எபாக்சி, தளத்துக்கு ஐசோ வகைப் பாலியெஸ்டர் என்று பிரித்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் இருக்கும். கடையில் கேட்காமலே எடுத்துத் தரும் பொது ரெசின் கூரைத்தகட்டுக்குப் போதும். எப்போதும் நீரில் கிடக்கும் பொருளுக்கு ஐசோதான் ஏற்றது.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: மூன்று சதுர மீட்டர் பரப்பில் 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் ஓரடுக்கு என்றால் மேட் 1,350 கிராம். ரெசின் அதன் எடையைப் போல் இரண்டே கால் மடங்கு, அதாவது ஏறத்தாழ மூன்று கிலோ. பாலியெஸ்டர் ரெசினை இறுக வைக்கும் திரவமான கேட்டலிஸ்ட், ரெசின் எடையில் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு. அதை ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து சேருங்கள், கண்ணளவு வேண்டாம்.

சித்திரை வெயிலை உலர்த்துவதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒட்டும் வேலையை வெயிலில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வெப்பத்தில் ரெசின் டப்பாவிலேயே இறுகிப் புகையும். விடியற்காலையில், நிழலில், ஒரு முறைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காமல் செய்யுங்கள். பிளைவுட்டுக்கு ரெசின் ஊட்டுவதை மட்டும் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்: கட்டை சூடாகிக்கொண்டிருந்தால் அதிலிருந்து வெளியேறும் காற்று பூச்சில் குமிழிடும், குளிர்ந்துகொண்டிருந்தால் ரெசினை உள்ளே இழுக்கும்.

இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலைத் தனியாகத் தருகிறார்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுமையாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக்குவளையைப் பயன்படுத்தக் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் உடனே நிறைய நீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்டைரீன் ஆவிக்குத் துணி முகமூடி எந்த வகையிலும் உதவாது. கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்கு முழுக்கைச் சட்டையும் ஈரத்தேய்ப்பும் மட்டும் போதாது; தூசி வடிகட்டும் முகமூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும்.

மைத்துனரின் பட்டியைப் பற்றி: கார் பட்டி நீரை உறிஞ்சும், நீர்மட்டத்துக்கு மேலே உள்ள கீறல்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தளத்தில் கடைசி அடுக்கு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். அது இறுகும் முன் மேலே பாலியெஸ்டர் தாளை விரித்துக் குமிழில்லாமல் உருளையால் தேய்த்துவிட்டு, மறுநாள் உரித்து, உப்புத்தாளால் தேய்த்த பிறகு பெயின்ட்டை எடுங்கள்.